பதினாறாம் நாள் வராத வீடு

அது எந்தக் காலம், எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவரும் சொல்லவில்லை. ஒரு ராஜா இருந்தார். யானை, குதிரை, பட்டத்து ராணி எல்லாம் இருந்தும் மனிதருக்கு ஒரு பெரிய குறை. வாழ்நாளில் ஒரு பேயையாவது பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்க்கவில்லையாம். ராஜாவுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!

அவர் சபையில் ஆண்டியப்பன் என்று ஒரு விகடன். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் களஞ்சிய அதிகாரி வீரபத்திரருக்கு வயிறு எரியும். இந்த வீரபத்திரர் கையில்தான் பூவலிங்கம் என்கிற தோப்புக்காரரின் சொத்து முழுவதும் இருந்தது. பூவலிங்கம் சாகும்போது ஊரார் முன்னால், "நான் செத்த பிறகு வீரபத்திரர் என் சொத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். கருமாதி முடிந்ததும் பிள்ளைகள் மூன்று பேரும் பிரித்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பதினாறாம் நாள் கருமாதி, அதன் பிறகு பாகம். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்கிறீர்களா? வந்ததே!

இறந்தவர் படுத்திருந்த அறையில் விளக்கேற்றி ஒரு செம்பு தண்ணீர் வைப்பது அந்த ஊர் வழக்கம். பதினாறாம் நாள் காலையில் வீரபத்திரர் அந்த அறையிலிருந்து முகம் வெளுத்து வெளியே வந்தார். செம்பில் பாதித் தண்ணீரைக் காணோம், பெரியவர் உள்ளேதான் இருக்கிறார், எனக்குக் கருமாதி செய்யாதே என்று என் காதில் சொன்னார் என்றார். வீட்டுக்குள் இருக்கிறவருக்கு யார் கருமாதி செய்வார்கள்? சமைத்தது சமைத்தபடி கிடக்க, வந்த சனம் எழுந்து ஓடிவிட்டது.

ஒரு வருஷம் போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. மூத்தவன் செவந்தியப்பனும் இளையவன் கொண்டல்ராயனும் அப்பாவுக்கென்று தனித்தனியாகச் சோறு கொண்டுவந்து அந்த அறையில் வைப்பார்கள். சாவி வீரபத்திரரிடம். நீ வைத்ததைத்தான் சாப்பிட்டார், தம்பி சோற்றை நாய்க்குப் போடச் சொன்னார் என்று மூத்தவனிடம் சொல்வார். தம்பியிடம் போய் அதையே மாற்றிச் சொல்வார். உன்மேல் உள்ள கோபத்தில்தான் அப்பா போகாமல் கிடக்கிறார் என்று அண்ணனும் தம்பியும் அரிவாளைத் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். தோப்புத் தேங்காயெல்லாம் யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒருத்தனும் பார்க்கவில்லை, மடையன்கள்.

நடுவில் அகப்பட்டவள் தங்கை அன்னக்கொடி. கருமாதி நடக்காத வீட்டில் தீட்டு. தீட்டு வீட்டில் கல்யாணம் கூடாது. பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டார் இத்தனை காலம் பொறுத்தார்கள். இந்தத் தை தாண்டினால் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அண்ணன்மார் இருவரையும் இழுத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, எங்கப்பா உசுரோட இருந்தப்ப என் கல்யாணப் பேச்சைத்தான் தினமும் எடுப்பாரு. அவரே இப்ப குறுக்க நிக்கிறாருன்னா என்னால நம்ப முடியலைங்க. நம்பாம இருக்கவும் முடியல. அந்த அறைக்குள்ள யாரோ நடக்கிற சத்தத்தை நானே கேட்டிருக்கேன்."

வீரபத்திரர் கைகட்டிக்கொண்டு, எல்லாம் பெரியவர் உத்தரவு, சந்தேகமிருந்தால் இவ்வளவு கெட்டிக்காரனான ஆண்டியப்பன் அவரையே அழைத்து வந்து கேட்கட்டுமே என்றார். ராஜாவுக்குக் கண் விரிந்துவிட்டது. அவர் விடுவாரா?

"ஆண்டியப்பா, நாளை உச்சிவேளைக்குள் பூவலிங்கத்தைச் சபைக்கு அழைத்து வா. தவறினால் நம் நாட்டில் உனக்கு இடமில்லை."

மறுநாள் உச்சிவேளை. திரை போட்ட பல்லக்கு ஒன்று சபைக்குள் வந்தது. தூக்கி வந்த ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒருவன் ஆண்டியப்பன் காதோரம் குனிந்து, "ஐயா, வெறும் பல்லக்குன்னுதானே சொன்னீங்க? தோள் கழண்டு போச்சுங்க" என்றான். ஆண்டியப்பன் திரும்பித் திரையைப் பார்த்தான். காலையில் பூவலிங்கம் வீட்டு வாசலில் பல்லக்கை இறக்கி, ஏறிக்கொள்ளுங்கள் பெரியவரே என்று வேடிக்கைக்குத்தான் சொன்னான். அதற்குமேல் அவன் ஒன்றும் செய்யவில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு, பெரியவர் வந்துவிட்டார் என்று ராஜாவிடம் அறிவித்தான்.

திரையை விலக்கினால் உள்ளே யாரும் இல்லை. வீரபத்திரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அரசே, இவன் தங்களை ஏமாற்றுகிறான். பூவலிங்கம் வீட்டிலேயே இருக்கிறார். உண்கிறார், குடிக்கிறார், தம் சொத்துக்குத் தாமே உத்தரவிடுகிறார். இவனோடு வரமாட்டேன் என்று இன்று காலையிலும் அடியேனிடம் சொன்னார்."

"அதிகாரி சொல்வதை அப்படியே ஏற்கிறேன், அரசே" என்றான் ஆண்டியப்பன். "உண்டு, குடித்து, உத்தரவும் இடுகிறவர் எப்படிச் செத்தவராவார்? தாம் செத்த பிறகுதானே சொத்தை இவரைப் பார்க்கச் சொன்னார்? அப்படியானால் இவருடைய பொறுப்பு இன்னும் தொடங்கவே இல்லை. இருக்கிற மனிதரின் தோப்பில் மூன்று வருஷமாகத் தேங்காய் வெட்டியவருக்கு நம் நாட்டில் என்ன பெயர்?"

திருடன் என்று சபையே சொல்லிற்று. திருட்டுக்கு அங்கே கையை வெட்டுவார்கள். வீரபத்திரர் தடாலென்று காலில் விழுந்தார். பூவலிங்கம் செத்துப்போனார், அன்றைக்கே செத்துப்போனார், தண்ணீர் குடித்ததும் சோறு தின்றதும் அறைக்குள் நடந்ததும் நான்தான் என்று கதறினார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரபத்திரரின் பதவியைப் பிடுங்கி, எடுத்ததையெல்லாம் திருப்பித் தரவும் மறுநாளே கருமாதி நடக்கவும் கட்டளையிட்டார். தம் கழுத்து முத்துமாலையை ஆண்டியப்பனுக்குப் போட்டு, அந்தப் பல்லக்கிலேயே ஏறி வீட்டுக்குப் போ என்றார்.

ஆண்டியப்பன் ஏறவில்லை. வெறும் பல்லக்கையே ஆட்கள் தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. காவலர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். கழி வளைந்தது, பல்லக்கு தரையை விட்டு எழவில்லை. ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தரையில் கிடந்த வீரபத்திரருக்குப் பல் கிட்டிவிட்டது.

அன்னக்கொடி மட்டும் கிட்டே போனாள். பின்னாலேயே அண்ணன்மார் இருவரும் வந்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவள் திரையைத் தொட்டாள். நம் வீட்டில் யாரையும் போய்ட்டு வாங்க என்றுதானே அனுப்புவோம்? அவளுக்கும் அந்த வார்த்தைதான் வாயில் வந்திருக்க வேண்டும், அதை அடக்கிக்கொண்டாள்.

"போங்கப்பா" என்றாள். "நாளைக்குக் கருமாதி. அண்ணனுங்க ரெண்டு பேரும் சேந்தே செய்வாங்க. நீங்க போங்கப்பா."

பிறகு ஆட்கள் தூக்கினார்கள். பல்லக்கு விசுக்கென்று அவர்கள் தலைக்கு மேலே போய்விட்டது. கையை நீட்டி இழுத்துத்தான் தோளில் வைத்தார்கள். அவளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. சபை என்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள், அண்ணன்மார் ஆளுக்கு ஒரு பக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.