விறகு மந்திரியும் தீயில்லாத அண்டாவும்

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் என்றைக்காவது கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தயிர் சில்லென்று இருக்கும், பின்பக்கம் அனலடிக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உள்ளே இருக்கிற தயிரிடமும் தக்காளியிடமும் பிடுங்கியதுதான். இதை மனசில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

செம்பூர் என்றொரு நாடு. சாயத் துணிக்குப் பேர்போனது. அரண்மனைப் பட்டறையில் பெரிய பெரிய அண்டாக்களில் சாயத் தண்ணீர் எந்நேரமும் சுடச்சுட இருக்க வேண்டும். அதற்கு விறகு விற்றுக் காசு பார்ப்பவர் மந்திரி வில்வராயர். தொந்தி முதலில் வரும், அவர் பின்னால் வருவார். சுற்றியிருந்த காடெல்லாம் அடுப்புக்குள் போயாயிற்று. மிச்சம் ஊற்றுமலைக் காடு ஒன்றுதான். ஊருக்குக் குடிதண்ணீரே அங்கிருந்துதான் வருகிறது. அதையும் வெட்ட உத்தரவு கேட்டு, தீட்டிய கோடரிக் கட்டோடு சபையில் வந்து நின்றார் மனுஷன்.

ராஜாவுக்கு யோசனை சொல்கிறவள் பேச்சி. வாய் கொஞ்சம் நீளம்.

"மகாராஜா, ஊர் தொண்டை வறளப் போகிறது, அதில் மந்திரியார் மட்டும் நன்றாகக் குளிர்காய்கிறார்" என்றாள்.

வில்வராயருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானா குளிர்காய்கிறேன்? என் வாயால் ஒரு தடவை அப்படிச் சொல்ல வை பார்ப்போம்! இந்தக் கோடரிகளை நானே ஆற்றில் போடுகிறேன்!"

"சபை சாட்சி" என்றார் ராஜா. "ஆனால் பேச்சி, விறகில்லாமல் சாயம் எப்படிச் சுடும்? சுட வைத்துக் காட்டு. முடியாவிட்டால் காட்டை வெட்டத்தான் வேண்டும்."

பேச்சி செம்பு வேலை செய்யும் கன்னார்களைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். துணி அலசிய வெதுவெதுப்பான தண்ணீர் இத்தனை காலம் சும்மா வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு சின்ன அறைக்குள் தொட்டி கட்டித் தேக்கினாள். தொட்டிக்கும் வெளியே இருந்த அண்டாவுக்கும் நடுவே செப்புக் குழாய். குழாய்க்குள் அடைத்த ஆவியை அமுக்கித் தள்ள ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் சக்கரம். அமுக்கினால் ஆவி சுடும்; அமுக்கம் விட்டால் சில்லிட்டு, தொட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

ராஜா பார்க்க வந்தார். வில்வராயரும் வந்தார், இளிப்போடு.

"என்னம்மா இது, அடுப்பையே காணோம்?"

"கிணற்று ஏற்றம் கீழே கிடக்கிற தண்ணீரை மேலே தூக்குகிறதா இல்லையா? இது சூட்டைத் தூக்குகிற ஏற்றம், மந்திரியாரே."

"சூட்டைத் தூக்குதாம்! உனக்குத்தான் தலைக்குச் சூடேறிவிட்டது."

சக்கரம் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அண்டாவிலிருந்து ஆவி எழும்பியது. வில்வராயர் குதித்தார்.

"பித்தலாட்டம்! அந்த அறைக்குள் அடுப்பை ஒளித்து வைத்திருக்கிறாள்!"

"அப்படியா? நீங்களே உள்ளே போய் உட்காருங்கள். ஒரு பொறி நெருப்பைப் பார்த்தாலும் கூப்பிடுங்கள்" என்றாள் பேச்சி.

போனார். கதவையும் சாத்திக்கொண்டார், நெருப்பு தப்பித்து ஓடிவிடுமாம்!

தொட்டித் தண்ணீரின் சூடெல்லாம் குழாய் வழியே அண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அறை முதலில் சில்லிட்டது. அப்புறம் தொட்டியின் ஓரத்தில் பனிக்கட்டி படர்ந்தது.

"நெருப்பு அகப்பட்டதா, மந்திரியாரே?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"இ...இல்லை... தே...தேடுகிறேன்..."

"நிதானமாகத் தேடுங்கள். மூலையெல்லாம் பாருங்கள்."

கடைசியில் கதவு திறந்தது. பல் தந்தியடிக்க, மீசையில் பனித்துளி தொங்க, தொந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நேராக அண்டாவைப் பார்த்து ஓடிவந்தார் வில்வராயர். பேச்சி குறுக்கே நின்றாள்.

"எங்கே ஓடுகிறீர்கள்? அது பித்தலாட்டச் சூடாயிற்றே!"

"வழியை விடு, தாயே! உயிர் போகிறது! கொஞ்சம் குளிர்காய்ந்துகொள்கிறேன்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அந்த மனுஷனுக்கு உறைத்தது.

பேச்சி ஒதுங்கி வழிவிட்டாள்.

"தாராளமாகக் குளிர்காயுங்கள், ஐயா. கை விறைப்பு விட்டதும், அந்தக் கோடரிகளை மட்டும் மறக்காமல் ஆற்றில் போட்டுவிட்டுப் போங்கள்."