எச்சில் தண்ணீர்

“மேடம், நான் சந்தனமாரி அம்மாகிட்ட பொய் சொல்லியிருக்கேன்.”

பெனாசிர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரது?”

“என் பேஷண்ட். குணமாகிப் போனவங்க, இப்ப மறுபடி முடங்கிட்டாங்க. திங்கட்கிழமை வர்றாங்க.”

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. மனநல மருத்துவர். மனச்சோர்வில் முடங்கியவர்களின் தலையோரம் காயில் என்கிற காந்தக் கம்பிச்சுருளை வைத்து ஒன்பது வருடமாகச் சிகிச்சை தருகிறவர். இப்போது வாரத்தில் சில நாள் இந்த ஆய்வகத்தில் மாணவர்.

அவருடைய ஆசிரியை பெனாசிருக்கு முப்பத்து நான்கு.

சந்தனமாரி தையல் வேலை செய்பவர். எட்டு மாதம் மிஷினைத் தொடாமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துக் கிடந்தவர். இருபது நாள் காயிலுக்குக் கீழே உட்கார்ந்தார். இருபத்தொன்றாம் நாள் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்து நின்றார்.

“மண்டைக்குள்ள யாரு டாக்டரய்யா இதைச் செஞ்சது? நன்றி சொல்லணும்லா.”

“நரம்பு செல்லும்மா. தூங்கிக்கிட்டு இருந்துச்சு. காந்தம் தட்டி எழுப்பிட்டுது.”

சந்தனமாரி தன் நெற்றியைத் தானே தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

அந்தக் கும்பிடுதான் மாசிலாமணியை இங்கே கொண்டுவந்தது. தான் சொன்னது உண்மைதானா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

“இப்ப என்ன ஆச்சு, டாக்டர்?”

“எலிக்குட்டியோட நரம்பு செல்லை மட்டும் தனியாப் பிரிச்சு வளர்த்தேன். காயிலுக்குக் கீழே வச்சேன். நாலு தடவை. ஒண்ணும் நடக்கல. எல்லாம் வாடிப்போகுது. காந்தம் எழுப்பலையே, மேடம். எந்த முகத்தோட அதை மறுபடி அவங்க தலையில வைப்பேன்?”

“போன மாசம் கிளை விட்டுச்சே?”

“அது கலப்பு. மத்த செல்லெல்லாம் கூடக் கிடந்துச்சு. இப்ப சுத்தமா எடுத்துட்டேன்.”

“சுத்தமா?”

“ஒண்ணுகூட இல்லாம.”

அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“எடுத்ததெல்லாம் எங்க?”

இன்குபேட்டரைத் திறந்து காட்டினார். இரண்டு கண்ணாடித் தட்டுகள். அடியில் ஒட்டிக்கொண்டு, நட்சத்திரம் நட்சத்திரமாகச் செல்கள். இரண்டு மூடியிலும் அவருடைய கையெழுத்தில் ஒரே வார்த்தை.

குப்பை.

நரம்பு செல்லுக்கு ஊட்டுபவை, கழிவை அள்ளுபவை, போர்வை சுற்றுபவை என்று பாடப்புத்தகத்தில் இவற்றையெல்லாம் ஒரே பத்தியில் படித்திருந்தார். அந்தப் பத்தியிலிருந்து பரீட்சையில் கேள்வி வந்ததே இல்லை.

பெனாசிர் ஒரு தட்டை எடுத்துப்போய்க் காயிலுக்குக் கீழே வைத்தார். டக், டக், டக் என்று மிஷின் தட்ட ஆரம்பித்தது.

“மேடம், அதுல நரம்பு செல் ஒண்ணுகூட இல்லையே!”

“சும்மா கேட்டுட்டுப் போகட்டும், டாக்டர்.”

மறுநாள், ரோஜா நிறத்தில் ஊற்றியிருந்த உணவுத் திரவம் இரண்டு தட்டிலும் மஞ்சளாகியிருந்தது. செல்கள் தின்று, கழித்து, எதையெதையோ கக்கி வைத்த திரவம். மாசிலாமணி கொட்டுவதற்குக் கை நீட்டினார்.

பெனாசிர் முந்திக்கொண்டார். டக் டக் கேட்ட தட்டிலிருந்து பாதித் திரவத்தை உறிஞ்சி எடுத்தார். அதை மாசிலாமணியின் சுத்தமான நரம்பு செல்களின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார்.

“ஐயோ மேடம்! எச்சில் தண்ணி!”

“உங்க அம்மா உங்களுக்கு மென்னு ஊட்டுனதே இல்லையா?”

மாசிலாமணி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

டக் டக் கேட்காத இன்னொரு தட்டிலிருந்தும் அதேபோலப் பாதியை எடுத்து, வேறொரு தட்டு நரம்பு செல்களுக்கு விட்டார்.

“நரம்பு செல்லைக் காயிலுக்குக் கீழே எப்ப வைக்கணும்?”

“வைக்க வேண்டாம்.”

“காந்தமே இல்லாமலா?”

“ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆய்வகத்தில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

டக் டக் கேட்காத செல்களின் திரவத்தைக் குடித்த நரம்பு செல்களை மாசிலாமணி முதலில் பார்த்தார். வாடவில்லை. உயிரோடு இருந்தன. ஆனால் சும்மா இருந்தன.

அடுத்த தட்டை வைத்தார். குவியத்தைத் திருகினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திருகினார்.

கிளை. கிளைக்குள் கிளை. கிளையெல்லாம் பொடிப்பொடியாக மொட்டு.

காந்தத்தின் ஒரு தட்டல்கூடப் படாத செல்கள்.

வெகுநேரம் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஒரு தடவை பார்த்தது சாட்சியாகாது, டாக்டர்,” என்றார் பெனாசிர். “இன்னும் முப்பது தடவையாவது செய்யணும்.”

“செய்யறேன், மேடம்.”

வெளியே வந்து போன் செய்தார். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகுதான் சந்தனமாரி எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நாளைக்கு வந்துருங்கம்மா.”

“அதே மிஷினா?”

“அதேதான்.”

மாசிலாமணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அன்னைக்கு யாருக்கு நன்றி சொல்லணும்னு கேட்டீங்களே. ஒரு பேரை விட்டுட்டேம்மா. நரம்பு செல்லுக்குப் பக்கத்துல இருந்து ஊட்டுற செல்.”

மறுபக்கம் அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“இப்ப கொய்யா சீசன் இல்லையே, டாக்டரய்யா,” என்றார் சந்தனமாரி.

உள்ளே வந்தவர் கைகழுவி, உறை மாட்டிக்கொண்டார். இன்குபேட்டரின் கீழ் அடுக்கில் அந்த இரண்டு ‘குப்பை’த் தட்டுகளும் பாதித் திரவத்தோடு மூன்று நாளாகக் கிடந்தன. வெளியே எடுத்தார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மூடிமேல் இருந்த எழுத்தை அழுத்தித் துடைத்தார். ஒன்றில். பிறகு மற்றதில்.

புதிய ரோஜா நிறத் திரவத்தை எடுத்து மெதுவாக ஊற்ற ஆரம்பித்தார்.

பெனாசிர் பின்னால் வந்து நின்றார்.

“அதுல நரம்பு செல் ஒண்ணுகூட இல்லையே, டாக்டர்?”

“சாப்பிடட்டும், மேடம்.”