கரிச்சான் ஊர்க்குரலெல்லாம் பேசுவது ஏன்?

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலைக்காட்டில் மையாள் என்றொரு கரிச்சான் இருந்தாள். இளவயதில் சரியான ஊர்சுற்றி. குக்குறுவானோடு பழம் தேடிப் போவாள், மைனாவோடு வம்பளப்பாள். போன இடத்துப் பேச்செல்லாம் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதனாலேயே ஒன்று கேட்டால் நாலு பேச்சிலும் வார்த்தை முட்டிக்கொண்டு வரும், எதைச் சொல்வதென்று தடுமாறுவாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று உறவெல்லாம் சிரித்தது.

கூட்டில் அந்நியப் பேச்சு பேசினால் குஞ்சுக்குச் சொந்தக் குரல் வராது என்பது கரிச்சான்களின் நம்பிக்கை. முதல் முட்டையிட்ட அன்றே கணவன் கொம்பன் அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டான். மையாளும் அடங்கிப் போனாள். பிள்ளைகள் வந்து, பேரக்குஞ்சும் வந்து, அவளுக்கு வயதாகிவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடையெல்லாம் காய்ந்தது. முன்பொரு பஞ்சத்தில் எங்கோ ஒரு பாறை இடுக்குச் சுனைதான் காட்டைக் காப்பாற்றியது. அதைக் கண்டவர்களில் மிச்சமிருந்தது மையாள் ஒருத்திதான். குக்குறுவான்களோ காட்டை விட்டே போய்விட்டன. பேரக்குஞ்சு வாயைத் திறந்தபடி கிடந்தது, மகள் அழுதாள்.

மையாள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். கரிச்சான் பேச்சில் வழி என்றால் பூச்சி பறக்கும் இடங்கள்தான்: தும்பி மேடு, ஈசல் பள்ளம். அந்தப் பூச்சிகளே இப்போது இல்லை. நினைவு பாதி வழியில் அறுந்துபோனது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அன்னைக்குக் குக்குறுவான்தான் கூட்டிட்டுப் போனா. அவ பேச்சுலதான் வழி சொன்னா," என்றாள்.

"சத்தியம் பண்ணியிருக்கே, மையா," என்றான் கொம்பன்.

"பண்ணேன். குஞ்சுக்குக் குரல் வரணும்னா முதல்ல உசிரு இருக்கணுமேங்க."

கண்ணை மூடிக்கொண்டு குக்குறுவான் குரலில் ஆரம்பித்தாள். அந்தப் பேச்சில் வழி என்றால் பழமரங்கள். அத்தி வந்தது, அதற்குப் பின்னால் இச்சி, சரிவில் இரட்டை நாவல். எத்தனையோ வருஷம் பேசாத வாய் ஒரு மரத்தைக்கூட விடவில்லை. கடைசி மரத்தடியில், பாறை இடுக்கில், சுனை இருந்தது.

அந்த மரங்களைப் பிடித்தே பறந்துபோய் மகள் அலகில் கொண்டுவந்த நீரில் குஞ்சு பிழைத்தது. கொம்பன் வயிறு நிறையக் குடித்தான். அப்புறம் மெதுவாக, நாவலுக்குக் குக்குறுவான் என்ன சொல்லும் என்று மனைவியிடம் கேட்டான்.

அன்று தொட்டுத்தான் கரிச்சான் விடியுமுன் எழுந்து, தெரிந்த பறவைகளின் குரலிலெல்லாம் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு, கடைசியாகத் தன் குரலில் கூப்பிடுகிறது.