குரங்குத் தொப்பி அடைச்ச குழாய்

ஒரு ஊர்ல ஒரு மழைக்காலம் வந்துச்சாம். வந்தது போகவே இல்லையாம். மலை மேல இருக்கிற குன்னூரு. அங்க ஆடி மாசத்துல துணி துவைச்சா ஆவணியிலதான் காயும்! சிரிக்காத, போர்வையை இழுத்துப் போர்த்திக்க. "ம்" சொல்லணும். சொல்லலேன்னா நான் பாட்டுக்கு தூங்கிருவேன், ஆமா.

ம்.

அங்க ஒரு வீட்ல ரெண்டு மருமக. அண்ணன் பொண்டாட்டி அமுதவல்லி, தம்பி பொண்டாட்டி ஜோதிமணி. நடுவுல ஒரே ஒரு சுவரு, இந்தப் பக்கம் இவ சமையக்கட்டு, அந்தப் பக்கம் அவ சமையக்கட்டு. பன்னெண்டு வருஷமா அந்த வீட்டுத் துணியெல்லாம் காய வச்சது அமுதாதான். கரி அடுப்புல தணலைப் போட்டு, மேல மூங்கில் கூடையைக் கவுத்து, அதுமேல துணியை விரிச்சு, கருகாம திருப்பித் திருப்பிப் போடுவா. "அமுதா கை பட்டாத்தான் துணி காயும்"னு மாமியார் ஊரெல்லாம் சொல்லும். அதைக் கேட்டா அமுதாவுக்கு அன்னிக்கு சோறே வேண்டாம்.

அப்புறம் என்னாச்சு? ஜோதி வீட்ல ஒரு மெஷின் வந்து இறங்குச்சு. துணி காய வைக்கிற மெஷின்! கடகடகடன்னு சுத்தும். ஒரு மணி நேரத்துல துணி சூடா, அப்பளம் மாதிரி வெளிய வரும். அதோட போச்சா? அந்த மெஷினோட சூட்டுக் காத்து வெளிய போற குழாயை, பின்சுவத்துல, அமுதா ஜன்னலுக்குப் பக்கத்துலயா கொண்டுவந்து வைப்பாங்க! தினமும் காலையில குபுகுபுன்னு சோப்பு வாசத்தோட காத்து இவ மூஞ்சியிலயே அடிக்கும். அமுதாவுக்கு வயிறு எரிஞ்சுது. மாமியார் புடவையும் அங்க போச்சு. பெத்த பொண்ணு தேன்மொழி, பத்து வயசு, அவளும் சாக்ஸைத் தூக்கிட்டு "சித்தி! சித்தி!"ன்னு ஓடுறா.

"ஏன்டி, என் கூடைக்கு என்ன கேடு?"

"புகை நாத்தம் அடிக்குதும்மா. சித்தி மெஷின்ல போட்டா கமகமன்னு இருக்கு."

பெத்த வயிறு எப்படி இருக்கும்? நீயே சொல்லு.

ம்.

அன்னைக்கு வந்த ஆத்திரத்துல, புருஷனோட பழைய குரங்குத் தொப்பியை எடுத்தா. தோட்டத்துப் பக்கம் போனா. யாரும் இல்லைன்னு பாத்துட்டு, அந்தக் குழாய்க்குள்ள திணிச்சா. பத்தாதுன்னு ஒரு குச்சியை எடுத்து குத்து குத்துன்னு குத்தி உள்ள தள்ளிட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி வந்து காப்பி போட்டா.

மறுநாள் காலையில மெஷின் சுத்துது, கடகடகட. ஆனா துணி வெளிய வந்தா சில்லுன்னு, ஈரத்தோட! அமுதாவுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. "அய்யய்யோ, என்னாச்சு ஜோதி?"ன்னு கேட்டுக்கிட்டே வேடிக்கை பாக்கப் போனா. மாமியாரும் முக்காலியைப் போட்டு உக்காந்துருச்சு.

ஜோதி மெக்கானிக்குக்குப் போன் போட்டா. அவரு கோயமுத்தூர்ல இருக்காரு. "மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு கிடக்கும்மா, வர முடியாது. நான் சொல்லச் சொல்லப் பாருங்க"ன்னாரு.

"முதல்ல திருகுற பட்டனைப் பாருங்க. சூடு இல்லாம வெறும் காத்துல வச்சிருக்கா?"

டிக், டிக். "இல்லண்ணே, சூட்டுலதான் இருக்கு."

அமுதாவுக்கு சந்தோஷம் தாங்கல.

அப்போ அவரு, "கதவுக்கிட்ட ஒரு சல்லடை இருக்கும். துணியிலேர்ந்து வர்ற பஞ்சு அடைச்சிருந்தாலும் காயாது, பாருங்க"ன்னாரு.

சர்ருன்னு உருவினா. "சுத்தமா இருக்குண்ணே. தினமும் தட்டிருவேன்."

அமுதா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. சிரிப்பு!

அப்புறம் மூணாவது. "பின்பக்கம் சின்னதா ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். சூடு மிஞ்சிப் போனா மெஷின் தானே சூட்டை நிறுத்திக்கும். கரன்ட்டைப் பிடுங்கிட்டு அதை அமுக்கிப் பாருங்க."

பட்டுனு அமுக்கினா. மறுபடி கரன்ட் குடுத்தா, சூடு வந்துருச்சு! அமுதா மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா பத்தே நிமிஷம். டொக். மறுபடி சில்லுன்னு ஆயிருச்சு.

"அப்போ மெஷின்ல கோளாறு இல்லம்மா"ன்னாரு மெக்கானிக்கு. "சூட்டுக் காத்து வெளிய போக வழியில்ல. வெளிக் குழாயைப் பாருங்க. எதுவோ அடைச்சிருக்கு."

அமுதா மெல்ல வாசப்பக்கம் நழுவப் பாத்தா. அந்த நேரம் பாத்து ஜோதி கையைப் பிசையுறா. "அக்கா, தேனு பாவாடை உள்ள கிடக்குக்கா. மத்தியானம் ஸ்கூல்ல ஆடணுமே, காலையில துவைச்சு என்கிட்ட குடுத்தா. உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

பட்டுப் பாவாடை! ஒரு மாசமா அதுக்காகத்தானே அந்தப் பொண்ணு திங்கு திங்குன்னு ஆடிட்டிருந்துச்சு.

அமுதா ஓடினா பாரு, தடதடன்னு! குழாய்க்குள்ள கையை விட்டு இழுக்குறா, தொப்பி வருதா? குச்சியால குத்தி வச்சதாச்சே! முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக்கிட்டு நிக்கிறா, பின்னாடி மாமியாரும் ஜோதியும் வந்து நின்னுட்டாங்க. சதக்குன்னு தொப்பி கையோட வந்துச்சு.

ம்?

ஜோதி தொப்பியைப் பாத்தா, அமுதாவைப் பாத்தா. அப்புறம் சொன்னா: "அத்தை, எலி இழுத்துட்டு வந்து அடைச்சிருக்கு பாருங்க. அக்காதான் கண்டுபிடிச்சாங்க!"

மாமியாருக்கு வாயெல்லாம் பல்லு. "நான்தான் சொல்றேனே, அமுதா கை பட்டாத்தான் துணி காயும்!"

எத்தனை மாசமா அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தா! இப்ப வந்துச்சு. அமுதாவுக்கு மண்ணைத் தின்ன மாதிரி இருந்துச்சு.

சிவப்பு பட்டனை மறுபடி அமுக்கினாங்க. இந்தத் தடவை சூடு அப்படியே இருந்துச்சு, போகல. அமுதாவே மெஷினுக்குள்ள கையை விட்டு பாவாடையை எடுத்தா. கதகதன்னு இருந்துச்சு. தேன்மொழி அதைக் கட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் ஓடிப்போனா.

அப்புறம் அமுதா மெதுவா வந்தா. "ஜோதி, அந்த எலிக்கு ரெண்டு காலுதான்டி."

"தெரியும்க்கா. தொப்பி காதுல ஒட்டுப் போட்ட தையல் உங்களோடதுதானே."

"அப்புறம் ஏன்டி காட்டிக் குடுக்கல?"

ஜோதி துணியை மடிச்சுக்கிட்டே சொன்னா: "என் பாப்பா பொறந்தப்போ நாப்பது நாளு அவ துணியைக் கூடையில காய வச்சது யாரு? எனக்குக் கரி அடுப்பு பத்த வைக்கக்கூடத் தெரியாது. உங்களைப் பாத்து அப்ப எனக்கு எவ்வளவு எரிஞ்சுது தெரியுமாக்கா?"

அமுதாவுக்குப் பொலபொலன்னு கண்ணீர். மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னாளாம்: "அடிப்பாவி, இந்த நல்ல மனசும் உனக்கே வாச்சிருக்கே! இதுக்கு நான் எங்கடி போய் வயிறு எரியுறது?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. மாமியார் மட்டும் தினமும் தேங்காய்ச் சில்லு வச்சு எலிப்பொறி வைக்கச் சொல்லுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு எலியும் விழல.

ம்... 

அவ்வளவுதான். கதையும் காஞ்சாச்சு, மடிச்சு அலமாரியில வச்சாச்சு. கண்ணை மூடிக்க கண்ணு.