முகாம் வாசலில் மாட்டிய பெட்டி

போர் ஓய்ந்த ஊரில் சமாதான அலுவலகம் திறந்தார்கள். புகார்ப் பெட்டியை எங்கே மாட்டினார்கள் தெரியுமா? இராணுவ முகாம் வாசலில், துப்பாக்கிக்காரன் தோளுக்குப் பக்கத்தில்! எந்த அறிவாளியின் யோசனையோ!

ஆறு மாதம் கழித்து அமைச்சர் அலுவலகத்தைப் பார்க்க வந்தார்.

"பெட்டி காலி, ஐயா. யாருக்கும் குறையில்லை. அலுவலகத்தை நாளையே மூடிவிடலாம்" என்று பல்லிளித்தார் அலுவலகத் தலைவர்.

அங்கே கூட்டிக்கொண்டிருந்த பிலோமினா விளக்குமாற்றை வீசிவிட்டு மனுவை நீட்டினாள். "என்ர மனுசனைக் கொண்டுபோனதே அந்த முகாம்தான். இதை அங்கேயே போடட்டோ?"

"இப்போது என்ன பயம்? சமாதானம் வந்துவிட்டதே!" என்றார் தலைவர்.

"அப்ப நீங்களே போட்டிட்டு வாங்கோ. தனியா."

தலைவர் மனுவோடு இரண்டு படி இறங்கினார். "டிரைவர், காவலுக்கு நாலு பேரைக் கூப்பிடு!"

"பாத்தியளோ ஐயா," என்றாள் பிலோமினா அமைச்சரிடம். "பெட்டி ஏன் காலியெண்டு தலைவரே சொல்லிப்போட்டார்."

அலுவலகம் மூடப்படவில்லை. சந்தைக்கு மாறிய பெட்டி ஒரே நாளில் நிரம்பியது. முதல் மனு பிலோமினாவுடையது.