ஆறு கிளையா, ஏழு கிளையா?

ஒரு பெரிய ஏரி. அதன் தென்கரையில் பல வருடங்களாகச் சரியான மழை இல்லை. வடகரையிலோ காய்த்துத் தொங்காத மரமே கிடையாது. வடகரைக்குச் சற்றுப் பக்கமாக, தண்ணீருக்கு நடுவில் ஒரு குட்டித் தீவு இருந்தது.

வடகரை குரங்குகளின் ராஜ்ஜியம். அவற்றின் தாத்தாக்களும் ஒரு வெள்ளத்தில் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒதுங்கியவர்கள்தான். அன்று அவர்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேரன்கள் அதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

"தென்கரைக்காரங்க வந்து நம்ம பழத்தையெல்லாம் தின்னுடுவாங்க!" என்று கூச்சல் போட்டு ஒரு சட்டமும் போட்டார்கள். இனிப் புதிதாக யாரும் வரக்கூடாது. ஏற்கெனவே வந்துவிட்டவர்களின் மனைவி, மக்கள், உடன்பிறப்பு மட்டும் வரலாம். அவர்களும் முதலில் தீவில் தங்க வேண்டும். இங்கே இருப்பவரிடம் ஊரைப் பற்றி என்னென்ன கேட்டார்களோ, அதையே வருபவரிடமும் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் உள்ளே. ஒன்று பிசகினாலும் வந்த வழியே திரும்ப வேண்டும்.

கொறியன் என்ற அணில் அந்தச் சட்டத்துக்கு முன்பே, ஆறு வருடங்களுக்கு முன், வடகரைக்குப் பிழைக்கப் போனவன். கொட்டைகளைப் பொறுக்கி மண்ணில் புதைப்பது அவன் வேலை. அவன் புதைத்ததில் பாதி முளைத்து மரமாகி நின்றது. ஆனால் அவன் நட்ட மரத்திலேயே அவன் கீழ்க்கிளையில்தான் உட்கார வேண்டும். மேல்கிளைகள் குரங்குகளுக்கு!

அவன் மனைவி மூவரி தென்கரையில் அவர்களுடைய இலுப்பை மரத்தில் தனியாக இருந்தாள். இருவருக்கும் சேதி கொண்டுபோவது ஒரு மைனா. கொறியன் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒன்றைக் கேட்பான்.

"நம்ம கிழக்குக் கிளை எப்படியிருக்குன்னு கேளு. நானும் அவளும் வெயில் காஞ்ச கிளை. திரும்ப ஒருநாள் அதுல அவளோட உட்காரணும்."

மூவரியின் பதிலும் எப்போதும் ஒன்றுதான். "பத்திரமா இருக்குன்னு சொல்லு."

அது பொய். அவன் போன இரண்டாம் வருடமே ஒரு புயலில் அந்தக் கிளை முறிந்து விழுந்துவிட்டது. அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மைனாவும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் மூவரியால் பொறுக்க முடியவில்லை. ஏரியைக் கடத்திவிடும் ஆமை அண்ணன் முதுகில் ஏறிப் புறப்பட்டாள். கூடவே ஒரு கீரியும் ஏறியது. வழியெல்லாம் அது ஒரு இலையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"என்ன தம்பி படிக்கிறே?"

"என் அண்ணன் வீட்டு விவரம்க்கா. அவர் யாருன்னே எனக்குத் தெரியாது! வயித்துப்பாடு. யாரோ ஒருத்தருக்குத் தம்பியா இருந்தாத்தானே உள்ளே விடுவாங்க?" தீவு தெரிந்ததும் கீரி இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டது.

தீவில் மூவரி இருபது நாள் காத்திருந்தாள். காலையில் எதிர்க்கரைக்குக் கொறியன் வந்து நிற்பான். வால் தெரியும், முகம் தெரியாது. அவன் வாலை ஆட்டுவான். இவளும் ஆட்டுவாள். பேசினால் காற்று கொண்டுபோய்விடும். இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகுதான் பிரிவு அவளை அதிகமாக வாட்டியது.

இருபத்தோராம் நாள் மொட்டைவால் என்ற குரங்கு அதிகாரி வந்தார். அவர் கையில் ஒரு கொடி. வடகரைக்காரர் சொன்ன பதில்களை அதில் முடிச்சுகளாகப் போட்டு வைத்திருந்தார். குரங்குப் பேச்சு தெரிந்த அதே மைனா மொழிபெயர்க்க நின்றது.

முதலில் கீரி. "உங்க வளையிலிருந்து குளத்துக்கு எத்தனை அடி?"

"நாப்பத்திரண்டு!" கீரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"சபாஷ்! உள்ளே போ!"

அடுத்தது மூவரி. "உங்க இலுப்பை மரத்துல எத்தனை கிளை?"

தினமும் பார்க்கும் மரம். அவள் யோசிக்கவே இல்லை. "ஆறு!" என்று மண்ணில் ஆறு கோடும் கீறிக் காட்டினாள்.

மைனா திடுக்கிட்டது. மாற்றிச் சொல்லலாம் என்றால் மண்ணில் கோடு கிடக்கிறது!

மொட்டைவால் கொடியின் முடிச்சுகளை எண்ணினார். "உன் புருஷன் ஏழுன்னு சொல்லியிருக்கான்!"

மூவரிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயா, ஏழுதான் இருந்துச்சு! கிழக்குக் கிளை புயல்ல முறிஞ்சுபோச்சு. அவர் மனசு ஒடிஞ்சுபோவாரேன்னு நான்தான் சொல்லலை!"

"ஆறுங்கிறே, ஏழுங்கிறே! ஆளே பொய்!"

"இல்லைங்க ஐயா!" மைனா குறுக்கே பாய்ந்தது. "கிளை விழுந்ததை நான் கண்ணால பார்த்தேன்!"

"நீ எந்தக் கரையில பொரிஞ்சவ?"

"தென்கரைங்க."

"தென்கரைக்காரங்க சாட்சி செல்லாது. ஆமை! இவளைத் திரும்பக் கொண்டுபோ!"

அவ்வளவுதான். ஆறு வருடக் காத்திருப்பு ஒரு கிளையில் முடிந்துபோனது.

மைனா அழுதுகொண்டே பறந்துபோய்க் கொறியனிடம் எல்லாவற்றையும் சொன்னது. அவன் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினான்.

"விழுந்து எத்தனை வருஷமாச்சு?"

"நாலு."

"நாலு வருஷமா இல்லாத கிளையிலயா நான் தினமும் மனசால போய் உட்கார்ந்திருக்கேன்!"

"இப்போ நீ கரையை விட்டுப் போனா திரும்ப விடமாட்டாங்கப்பா. அங்கே மழையும் இல்லை."

கொறியன் கரையில் கிடந்த ஒரு மரக்கட்டையைத் தண்ணீரில் தள்ளி, அதில் தாவி ஏறினான். வாலாலும் காலாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் போனான்.

ஆமை அண்ணன் திரும்பிப் பார்த்தார். உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டார். மெதுவாகப் போவதற்காக ஆமையை யார் குற்றம் சொல்ல முடியும்?

கட்டை வந்து ஆமையின் ஓட்டில் முட்டியது. கொறியன் மூவரியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க எதை நினைச்சுக்கிட்டு அங்கே காலத்தை ஓட்டுவீங்க?"

கொறியன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேட்டான். "மிச்சம் ஆறு கிளை இருக்குல்ல?"

"இருக்கு."

"நமக்கு ஒண்ணு போதும்."

வடகரையில் கீழ்க்கிளையில் உட்கார்ந்து கீரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்கிளையில் மொட்டைவால் கொறியன் நட்ட மரத்தின் பழத்தைத் தின்றுகொண்டிருந்தார். அந்தக் கரையில் அதன் பிறகு யாரும் ஒரு கொட்டையைக்கூடப் புதைக்கவில்லை.

விடை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறவர்களின் வாசலில் மனப்பாடம் உள்ளே போய்விடும். உண்மைதான் திரும்பிப் போகும்.