பானை நிறையப் புளியங்கொட்டை

வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு வயலுக்குத்தான் காணும். மிராசுதார் வைத்தியலிங்கம் ஊர் நடுவே ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தார். பானை நிறையக் கறுப்புப் புளியங்கொட்டை. அதில் ஒன்றே ஒன்றை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தார்.

"நான் ஒரு கொட்டை எடுப்பேன். வெள்ளை வந்தா தண்ணி சடைச்சிக்கு. கறுப்பு வந்தா எனக்கு."

தன் துண்டு நிலத்துப் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சடைச்சி, "இது என்ன நியாயம் எசமான்?" என்றாள்.

"வெள்ளை வரும், இல்லாட்டி வராது. ரெண்டுல ஒண்ணுதானே? அப்ப பாதிக்குப் பாதி."

கணக்குப்பிள்ளை தலையை ஆட்டினார். ஊரும் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டியது. சடைச்சியும் ஆட்டினாள்.

"சரிதான் எசமான். ரெண்டும் சமம்னா நிறத்தை மாத்திக்குவோம். கறுப்பு எனக்கு இருக்கட்டும்."

மிராசுதாருக்கு வேறு வழியில்லை. மாட்டேன் என்றால் தான் சொன்னது பொய்யாகிவிடும். பானைக்குள் கையை விட்டார். கறுப்பு வந்தது.

"எங்கேயோ தப்பு நடந்திருக்கு" என்று மறுபடியும் விட்டார். அதுவும் கறுப்பு.

"நல்லாத் தேடுங்க எசமான், பாதிக்குப் பாதி வெள்ளைதானே" என்று சொல்லிவிட்டு, சடைச்சி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போனாள்.

அவள் வயல் நிறைந்தபோதும் மிராசுதாரின் கை பானைக்குள்தான் இருந்தது.